பாசறைப் பிரிவும் கடுஞ்சூலும்

வேந்தன் பொருட்டுப் படைமேற் சென்ற தலைவனும், அவன் வரவு நோக்கி மனைக்கண் இருந்த தலைவியும் முல்லைத்திணையின் இரு துருவங்கள் ஆவர். ஒருவர் காட்டிடைப் பாசறையில் உறைகின்றார். மற்றவர் ஊரிடை மாளிகையில் உறைகின்றார். இவ்விருவர்க்கும் இடைப்பட்ட தொலைவையும் காலத்தையுமே முல்லைப் பாட்டுக்கள் பெரும்பாலும் பாடுகின்றன. அவற்றைப் பற்றி எழுந்த ஆராய்ச்சிகளோ காதலின் ஆற்றாமை, கற்பின் திண்மை, கார்காலத்தின் வனப்பு என்னும் மூன்றனையே மீண்டும் மீண்டும் விரித்துரைக்கக் காண்கின்றோம். மணந்து இல்லறம் நடத்தும் இளையர் இருவர் பிரியுங்கால் இயல்பாக எழத்தக்க வினா ஒன்று ஆண்டு எழுந்திலது. தலைவன் பாசறைக்கண் இருக்கும் காலத்துத் தலைவி கருவுற்றிருப்பின் என்? அந்நிலையைச் சங்கப் புலவர் பாடினரா? நேரே பாடிற்றிலர் எனின், அது கருதாமையால் ஆயிற்றா, அன்றிப் பிறிதோர் ஆற்றாற் பாடினமையால் ஆயிற்றா?

இவ்வினா இக்காலத்தார் கருத்தைப் பழம்பாட்டின்மேல் ஏற்றுவது என ஒதுக்கற்பாலது அன்று. பிரிவையும் கருத்தோன்றும் காலத்தையும் ஒருங்குவைத்து எண்ணியவர் தொல்காப்பியரே ஆவர். கற்பியலில் அவர், மனைவி பூப்பெய்திய பின்னர்ப் பன்னிரு நாளும் தலைவன் அகன்று உறைதல் இல்லை என வரையறுத்தார். ஆயினும் அவ்வரையறையைப் பரத்தையிற் பிரிந்த காலத்துக்கே உரித்தாக்கினார். அஃதாவது, ஊரிலேயே இருந்து மனைக்கு வாராதவனுக்கு அவ்விதி பொருந்தும். வேந்தன் ஏவலாற் போனவனுக்குப் பொருந்தாது. போனவனுக்கு வேறிரண்டு விதிகள் உள. ஒன்று, பாசறைக்கண் மனைவியோடு உறைதல் இல்லை என்பது. அடுத்த நூற்பா புறத்தோர்க்கு மட்டும் ஓர் இசைவு தருகின்றது. மற்றொன்று, கல்வியின் பொருட்டுப் பிரியும் பிரிவு மூன்றாண்டைக் கடவாது என்றும், வேந்துறு தொழிலின் பிரிவு ஓராண்டின் அகத்தது என்றும் கூறும் கால எல்லை. இவ்விதிகளை ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் இடைவெளி புலனாகும். ஊரில் உள்ளவன் கருத்தோன்றும் பன்னிரு நாளை இழத்தல் ஆகாது என இலக்கணம் கவல்கின்றது. பாசறையில் உள்ளவன் ஓராண்டு முழுதும் மனையை நீங்கியிருக்கலாம் என அதுவே ஒப்புகின்றது. அவ்வோராண்டில் மனைக்கண் நிகழத்தக்க மிகப் பெரிய நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. (இக்காலத்தும் எல்லைப்புறத்துப் பணியிடங்கள் சிலவற்றில் படைவீரர் குடும்பத்தோடு உறைதற்கு இசைவில்லை என்பது அறிவோம். பாசறை நூற்பா இன்னும் வழக்கு வீழ்ந்திலது.)

இலக்கணம் வாளா இருந்த இடத்தில் இலக்கியம் என் செய்தது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

முதற்கண் ஒரு தவறான விடையை விலக்குதல் வேண்டும். முல்லைத் தலைவி புதுமணப் பெண்ணே. காதலின்பம் ஒன்றே முல்லைக்குரியது. மகப்பேறும் மக்களும் அத்திணையின் எல்லைக்கு அப்பாற்பட்டன. ஆகலான் சூலைப் பற்றிய பேச்சும் இல்லை எனச் சிலர் கூறக்கூடும். பாட்டுக்கள் இதனை மறுக்கின்றன. ஐங்குறுநூற்றின் ஐந்தாம் நூறு பேயனார் பாடிய முல்லை. அதன் தொடக்கமே செவிலி கூற்றுப் பத்து. முதற் பாட்டிலேயே தாய்க்கும் தந்தைக்கும் நடுவே புதல்வன் கிடக்கின்றான். மானும் பிணையும் தம் மறியை இடைப்படுத்துக் கிடக்கும் காட்சி உவமையாகின்றது. அகநானூற்று 54-ஆம் பாட்டில், வேந்தன் பகை தணிந்தமையால் மீளும் தலைவன் தேர்ப்பாகனை விரைவுபடுத்துகின்றான். அவன் காண விழைவது தன்னை வரவேற்கும் மனைவியை அன்று. மகனுக்கு நிலாவைக் காட்டி, வந்தால் பால் தருவேன் என அதனை அழைத்துப் பொய்கூறி மகிழ்விக்கும் மனைவியை. நற்றிணை 221-இல் இடைக்காடனார், உறங்கும் புதல்வன் அருகே சென்று மெல்லெனப் பேசும் தாயின் குரலைக் கேட்க விரும்பும் தலைவனைப் பாடுகின்றார். இவ்விரண்டும் வினைமுற்றி மீள்வான் கூற்று, இரண்டும் முல்லை. ஆகவே முல்லைக்கு மகன் அயலான் அல்லன். பிறந்த மகன் உளன். மீளும் தந்தையின் நெஞ்சில் முதற்கண் நிற்பவனும் அவனே.

ஆனால் இப்பாட்டுக்களில் ஒன்று நோக்கற்பாலது. புதல்வன் என்று தோன்றினான், அவன் தோன்றிய நாளில் தந்தை யாண்டிருந்தான் என்பவற்றைப் பாட்டு உரைப்பதில்லை. மகன் முல்லையில் எப்பொழுதும் பிறந்தவனாகவே வருகின்றான். அவனைச் சுமந்த திங்கள்கள் வருவதில்லை. மருதத்தில் அங்ஙனம் அன்று. ஈன்ற மனைவியை நெய்யும் ஐயவியும் பூண்ட கோலத்தில் நிறுத்தி, அவளோடு நகையாடிய பழைய நாளைத் தலைவன் நினைந்துரைக்கும் நற்றிணை 370-ஆம் பாட்டு மருதம். ஈன்றல் அண்மைக்குரிய பொருளாயிற்று. தொலைவிலிருப்பான் அதனை எங்ஙனம் உரைப்பான்? முல்லைப் பாட்டுக்களில் தலைவி தானே கருவுற்றிருத்தலைக் கூறும் இடம் காண்டல் அரிது. ஆயினும் கருவுற்ற மகளிர் முல்லையில் இல்லை எனல் ஆகாது. அவர் உளர், உவமையாய் உளர்.

குறுந்தொகை 287-ஆம் பாட்டு இதற்குத் தலையாய சான்று. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். பிரிவிடை வேறுபட்ட தலைவியைத் தோழி வற்புறுத்தும் துறை. தோழி வானத்தைச் சுட்டுகின்றாள். நீரை முகந்த மேகங்கள் விண்ணில் ஏறமாட்டாமல், சுமையைத் தாங்கிக்கொண்டு, ஒன்றோடொன்று கூடி, வளமிக்க குன்றங்களை நோக்கி எழுகின்றன. இக்காலத்தை அவர் கண்டும் நம்மைத் துறந்திருப்பாரோ என வினவுகின்றாள். இவ்வளவே பாட்டின் பொருள். ஆனால் மேகத்துக்கு ஓர் உவமை உண்டு. முந்நான்கு திங்கள் நிறைந்த சுமையைப் பொறுத்துத் தளர்ந்து, அடியெடுத்து வைக்கவும் மாட்டாமல், பச்சைப் புளியின்மேல் வேட்கை கொண்ட கடுஞ்சூல் மகளிர் போன்றன அம்மேகங்கள்.

மேகத்தைச் சூல்கொண்டது எனல் சங்க நூல்களில் புதிதன்று. கமஞ்சூல் என்பது மழைக்குப் பலகாலும் அடையாய் வருகின்றது. கமம் என்பது நிறைவு குறித்தது என உரியியல் கூறும். பல பாட்டுக்களில் அஃது உவமையென்று உணரப்படாமலே வருமளவுக்குத் தேய்ந்த வழக்கு. ஆகலின் நன்னாகையார் பாட்டிலும் சூல் என்பது வெறும் மரபுச் சொல்லே, அதன்மேற் பொருள் ஏற்றற்க எனத் தடை எழுப்புதல் கூடும். அத்தடைக்கு விடை பாட்டிலேயே உளது. மேகத்துக்குச் சுமை உண்டு, தளர்ச்சியும் உண்டு, நடக்கமாட்டாமையும் பொருந்தும். பச்சைப் புளியின்மேல் வேட்கை மேகத்துக்கு என்ன வேண்டும்? அஃது உவமேயத்தோடு சிறிதும் ஒட்டவில்லை. மேகத்தை விளக்க வந்த உவமைக்கு அவ்வளவு விவரம் வேண்டுவதே இல்லை. அவ்வொரு சொல் மேகத்தை விட்டு நீங்கிப் பெண்ணிடமே நிற்கின்றது. மசக்கையுற்ற ஒருத்தியின் நாவினை நினைவூட்டுகின்றது. மரபில் தேய்ந்து கிடந்த உருவகத்தைப் புலவர் அவிழ்த்து, அதனுள் இருந்த பெண்ணை வெளிக்கொணர்ந்தார் எனலாம். பிறர் மேகத்தைச் சூலுடையது என்று கூறிக் கடந்தனர்; நன்னாகையார் சூலுடையாளைக் கண்டு நின்றார்.

கடுஞ்சூல் என்பது முதற்சூலைக் குறிக்கும். ஐங்குறுநூற்றுப் பாலையில், உடன்போய மகளை அவள் தாய்க்குச் சுட்டுமிடத்து அவளை அத்தாயின் கடுஞ்சூல் மகள் என்பர். தலைமகவாகப் பிறந்த மகள் என்பது கருத்து. கடுமை என்னும் அடை முதற்பேற்றின் அச்சத்தையும் அருமையையும் ஒருங்கே சுட்டும். நன்னாகையார் பொதுவாகச் சூல் மகளிர் என்னாது கடுஞ்சூல் மகளிர் என்றது, முன்னர் ஒருகாலும் இந்நிலையை அறியாதாரை, துணை வேண்டுவாரை நினைத்தே ஆம்.

இனி, திங்கள் கணக்கு. மகவைப் பத்துத் திங்கள் சுமத்தல் உலகறிந்தது. பாட்டோ முந்நான்கு என்கின்றது. மூன்றும் நான்கும் கூடிய ஏழு எனப் பொருள் கொள்ளுதற்கு இடமில்லை. ஈராறு, மூவேழ் போன்ற எண்ணடுக்குகள் யாண்டும் பெருக்கற் பொருளிலேயே வழங்கும். ஆகவே பன்னிரண்டு திங்களே. பெருமக்கள் பிறப்பைப் பன்னிரண்டாம் திங்களிற் கூறும் வழக்கு வடமொழியினும் உண்டு. வான்மீகம் இராமன் பிறப்பை அங்ஙனமே கூறுகின்றது. ஆனால் இங்கே பிறக்கப்போவது பெருமகன் அல்லன், மழை. பன்னிரண்டு என்னும் எண் மருத்துவச்சியிடம் கேட்ட கணக்கு அன்று. வானத்தைப் பார்த்து எண்ணிய கணக்கு. ஆவணியும் புரட்டாசியும் கார். ஒரு காரிற் பொழிந்த வானம் மறுகாரிற் பொழியும் வரை கடப்பன பன்னிரு திங்கள். மேகம் சென்ற காரினின்று இக்கார் வரை சுமந்தது. கருவின் காலத்தைப் புலவர் காரின் காலத்தோடு இணைத்து நீட்டினார்.

அவ்வெண்ணின் மறுபுறமும் நோக்கத்தக்கது. வேந்துறு தொழிலின் பிரிவுக்கு இலக்கணம் வைத்த எல்லை ஓராண்டு என்று முன்னர்க் கண்டோம். பாட்டில் பிரிவின் காரணம் வெளிப்படக் கூறப்படவில்லை என்பது மெய்யே. அதனால் இப்பிரிவு வேந்தற்குற்றுழிப் பிரிவே என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் முல்லையில் கார் கண்டு வரவேண்டிய தலைவன் பெரும்பாலும் பாசறையினன். பிரிவின் எல்லை பன்னிரு திங்கள். உவமையின் சூலும் பன்னிரு திங்கள். காத்திருப்பவள் நாட்களைச் சுவரிற் கோடிட்டு எண்ணுகின்றாள் என்று பாடுவது எளிது. அங்ஙனம் பாடிய பாட்டுக்களும் உள. நன்னாகையார் அந்நாட்களை வயிற்றில் எண்ணுகின்றார். தலைவன் நீங்கிய காலம் வெறுங்காலம் அன்று, கனத்துக்கொண்டே வரும் காலம் என்பதை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். இப்பாட்டின் தலைவியே கருவுற்றவள். தோழி அதனை மறைத்துக் கூறுகின்றாள் என உரைகாணத் துணிவார் உளராயின், அதனை யான் உடன்படேன். பாட்டில் அதற்குச் சான்றில்லை. குன்றங்களைத் தாய்மனையாக்கி, தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் பெண்டிராக மேகங்களை ஆக்குவதும் மிகையே. உரை பாட்டை விட்டு ஓடலாகாது. கூறத்தக்கது இதுவே: தனித்திருக்கும் மனைவி ஒருத்தியைத் தேற்ற வந்த தோழி, ஆயிரம் உவமைகள் இருக்க, கருவுற்ற பெண்ணைத் தேர்ந்து அவள் கண்முன் நிறுத்தினாள். தலைவி கருவுற்றிருப்பின் அவ்வுவமை அவள் உடலைச் சுட்டும். கருவுறாதிருப்பின் அவள் இழந்ததைச் சுட்டும். இரண்டு வழியும் அது குத்தும். தேற்றுதலின் நடுவே இத்தகைய முள்ளை வைத்த துணிவு பெண்பாற் புலவர்க்கே இயல்வது என்று கூறத் தோன்றுகின்றது. அத்தகைய பொதுவிதிகள் எளிதில் பொய்க்குமாதலின் அதனை வற்புறுத்தாது விடுகின்றேன்.

இதனோடு நற்றிணை 99-ஆம் பாட்டை ஒப்பிடல் வேண்டும். இளந்திருமாறன் பாடியது, இதுவும் முல்லை. மழை பெய்து பிடவும் கொன்றையும் கோடலும் மலர்ந்துவிட்டன. தலைவர் குறித்த பருவம் இதுவோ எனத் தலைவி கலங்குகின்றாள். தோழி, இது பருவம் அன்று என்கின்றாள். அறிவில்லாத மேகம் மறந்துபோய்க் கடலை முகந்தது, சூல் நிறைந்தது, அதனைப் பொறுக்கமாட்டாமல் பெய்துவிட்டது. அதனைக் கார் என மயங்கிப் பேதைப் பூக்கள் மலர்ந்தன. பருவம் மறுத்துத் தேற்றும் இத்துறை மிக அழகியது. பொய் என்று இருவரும் அறிந்தே பேசும் பொய். ஆனால் அப்பொய் எதன்மேல் கட்டப்பட்டது? காலம் நிரம்பாத ஈற்றின்மேல். குறுந்தொகைப் பாட்டில் மேகம் திங்கள் நிறைந்து சுமந்தது; ஆகவே பருவம் வந்தது. நற்றிணைப் பாட்டில் மேகம் பொறுக்கமாட்டாது உகுத்தது. ஆகவே பருவம் வரவில்லை. இரு தோழியரும் ஒரே அளவுகோலைக் கையாளுகின்றனர். நிறைசூல் எனின் தலைவன் வரவேண்டும். குறைசூல் எனின் அவன் வாராமைக்குக் குற்றமில்லை. முல்லை மகளிரின் நாட்காட்டி சூலே என்பதற்கு இவ்விரு பாட்டும் ஒன்றற்கொன்று சான்று.

நெடுநல்வாடை இதனை வேறொரு வகையாற் காட்டுகின்றது. 188 அடிகளால் நக்கீரர் பாடிய அப்பாட்டு அகமோ புறமோ என்னும் வழக்கு நீண்டது. வேலில் வேம்பு சூட்டப்பட்டமை பாண்டியனைச் சுட்டுதலின் நச்சினார்க்கினியர் புறம் என்றார். அவ்வழக்கு ஈண்டு வேண்டா. அரசி அரண்மனையில், அரசன் பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறித் திரிகின்றான். அரசி கிடக்கும் கட்டிலை நக்கீரர் விரித்துரைக்கும் பகுதியை வருணனை மிகுதி எனக் கடந்து செல்வார் பலர். கடக்கலாகாது. அக்கட்டிலுக்குரிய மருப்பு, நாற்பது ஆண்டு நிரம்பிப் போரிற் பட்ட யானையினது. அக்கட்டிற் காலின் திரண்ட குடத்துக்கு உவமையோ தளர்ந்த நடையுடைய மகளிரின் வீங்கிய முலை. சூல் முற்றிய மகளிர் என்பதே உரையாசிரியர் கொண்ட பொருள். நன்னாகையாரின் மகளிர் அடிபெயர்க்க மாட்டாதவர். நக்கீரரின் மகளிர் தூங்கியல் உடையவர். தளர்நடை ஒன்றாலேயே இரு புலவரும் அந்நிலையை உணர்த்தினர். போர்க்களத்திற் செத்த யானையின் கொம்பும், ஈனும் நாள் அணுகிய பெண்ணின் உடலும் ஒரு கட்டிலில் வந்து கூடுகின்றன. அதன்மேல் ஒருத்தி தனித்துக் கிடக்கின்றாள். மேலே விதானத்தில் திங்களோடு பிரியாத உரோகிணி எழுதப்பட்டிருக்கின்றது. அரசி அதனை நோக்கிப் பெருமூச்சு விடுகின்றாள் என்று புலவர் வெளிப்படக் கூறினார். கீழே உள்ள உவமையை அவள் காண்பதாகக் கூறவில்லை. அது கற்பார்க்கு வைத்தது.

முல்லைப்பாட்டில் சூலுவமை இல்லை. ஆனால் தாய்மை கன்றின் வடிவில் வருகின்றது. நப்பூதனார் பாடிய 103 அடிகளில் பாட்டின் தொடக்கத்திலேயே பெருமுது பெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி ஊர்ப்புறத்தே விரிச்சி கேட்டு நிற்கின்றனர். ஆண்டு ஆய்மகள் ஒருத்தி, சிறு கயிற்றாற் கட்டுண்டு துயரால் அலமரும் கன்றுக்கு, உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்கின்றாள். அதுவே நற்சொல்லாகின்றது. 1903-இல் இப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதிய மறைமலையடிகள், நச்சினார்க்கினியர் மாட்டு என்னும் முறையால் அடிகளை இடமாற்றிப் பொருள்கொண்டதை மறுத்துப் பாட்டின் இயல்பான ஒழுங்கைப் போற்றினார். அவ்வொழுங்கு ஈண்டும் பயன்படுகின்றது. முதலிற் கன்றின் துயர், பின்னர்த் தலைவியின் கண்ணீர், அதன்பின் பாசறை. தலைவியின் நிலைக்கு முன்னோட்டமாக நிற்பது கன்று. மேயப்போன ஆக்கள் மீளும் என்ற சொல்லைக் கொண்டு, போருக்குப் போன தலைவன் மீள்வான் எனப் பெண்டிர் தேற்றுகின்றனர். இவ்வொப்பில் ஒரு திருப்பம் உண்டு. மனைக்கண் இருப்பவள் தாய் ஆகவில்லை; கன்று ஆகின்றாள். தாயாகும் வாய்ப்பை ஒத்திப்போட்ட போர் அவளைத் தாயை நோக்கும் கன்றின் நிலையில் நிறுத்திவிட்டது. வினைமுற்றிய தலைவனின் குதிரையொலி அவள் செவியில் விழும்வரை பாட்டு அவளை அந்நிலையினின்றும் விடுவிக்கவில்லை.

இவற்றுக்கு எதிராகக் குறுந்தொகை 85-ஆம் பாட்டை வைத்து நோக்கின் முல்லையின் தனித்தன்மை விளங்கும். வடம வண்ணக்கன் தாமோதரனார் பாடிய அம்மருதப் பாட்டில், ஊர்க்குருவியின் சேவல் சூல்முதிர்ந்த பேடைக்கு ஈனும் கூடு இழைக்கக் கரும்பின் வெண்பூவைக் கொய்கின்றது. ஊரிலிருந்தும் மனையை மறந்த தலைவனுக்கு அச்சேவல் ஓர் இடித்துரை. மருதத்தில் சூலுற்ற பேடைக்கு அருகே ஒரு சேவல் உண்டு. முல்லை மேகத்துக்கு அருகே எவரும் இல்லை. அது தானே சுமந்து தானே ஏறுகின்றது. மருதத் தலைவனைக் குற்றம் கூறலாம்; முல்லைத் தலைவனைக் கூறலாகாது. அவன் வேந்தன் ஏவலிற் சென்றான். குற்றம் சாட்டுதற்கு ஒருவரும் இல்லாத துயரமே முல்லையின் துயரம். அதனாலேயே அது நேரிய சொல்லாக வெளிப்படாமல் உவமையின் வழியாகக் கசிகின்றது என்பது என் துணிபு.

அரசர்க்கும் அவரைப் பாடிய புறப்புலவர்க்கும் இத்துயரம் தெரியாதது அன்று. புறநானூறு இதனை மறைக்கவில்லை. குறுங்கோழியூர்கிழார் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய 20-ஆம் பாட்டில், அவன் நாட்டு மண்ணை வயவுற்ற மகளிர் வேட்கையால் உண்பதன்றிப் பகைவர் உண்ணார் என்கின்றார். ஒரு நாட்டின் காவலை அளத்தற்குப் படையின் தொகையைக் கூறாமல் கருவுற்ற பெண்ணின் நாவைக் காட்டிய இவ்விடம் வியத்தற்குரியது. பகைவர் மண் கொள்ளல் என்னும் போர்வழக்கும், மகளிர் மண் உண்ணல் என்னும் மசக்கை வழக்கும் ஒரு சொல்லில் மோதுகின்றன. நன்னாகையாரின் பசும்புளியும் இப்புலவரின் மண்ணும் ஒரே வேட்கையின் இருவேறு பண்டங்கள். வயா என்பதற்கு வேட்கைப் பெருக்கம் என உரியியல் பொருள் கூறும். மசக்கைக்கும் ஏனை வேட்கைக்கும் இடமளிக்கும் அச்சொல்லின் அகலம் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மேலும், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய 9-ஆம் பாட்டில், அம்பு விடுமுன் அரண் சேருமாறு அறிவிக்கப்பட்டாருள் புதல்வரைப் பெறாதாரும் அடங்குவர். பகைவர் ஊரில் மகப்பெறாதானுக்கு இவ்வளவு இரக்கம். தன் படையில் வேலேந்தி நிற்கும் மகப்பெறாத இளையனைப் பற்றி அப்பாட்டு யாதும் கூறிற்றில்லை; கூறவேண்டிய துறையும் அன்று அது. ஆயினும் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருத்தல் இயலவில்லை.

222-ஆம் பாட்டு இவையனைத்தினும் நேரிது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பொத்தியாரும் உடனிருக்க விழைந்தார். அவர் மனைவி கருவுற்றிருந்தாள். புதல்வன் பிறந்த பின் வருக எனக் கூறி அரசன் அவரைத் திருப்பினான். பின்னர் வந்த பொத்தியார், நடுகல்லான நண்பனை நோக்கி எனக்குரிய இடம் யாது என்று கேட்கின்றார். இஃது போர் அன்று. தானே தேர்ந்த சாவு. ஆயினும் ஓர் ஆண்மகனைச் சாவினின்றும் நிறுத்திவைக்கும் உரிமை பிறவாத மகவுக்கு உண்டு என்று ஓர் அரசன் தன் வாயாற் கூறிய செய்தி இது. அவ்வரசனே போர் முரசு அறைந்த நாளில் கருவுற்றாள் கணவனைத் திருப்பினானா? அவனையொத்த அரசர் எவரேனும் அங்ஙனம் திருப்பினர் எனப் பாடும் பாட்டு ஒன்று கிடைத்திருப்பின், முல்லைத்திணையின் இலக்கணமே வேறாகியிருக்கும்.

வடநாட்டுப் பாரதத்தில் உத்தரை கருவுற்றிருக்க அபிமன்யு களத்தில் வீழ்கின்றான். அக்கரு பரீட்சித்தாகிக் குலத்தைத் தாங்குகின்றது. ஆண்டு சூல் கதையின் நடுநரம்பு. ஆனால் குலத்தின் பொருட்டு. தமிழ் முல்லையில் குலம் இல்லை, பெயரும் இல்லை. சுட்டி ஒருவர்ப் பெயர் கொள்ளாத அகத்தில் அரசமகவும் இல்லை, எளியன் மகவும் இல்லை. சுமை ஒன்றே உளது.

புறத்தில் இச்சுமை வெளிப்படையாகப் பேசப்படுங்கால் பேசுபவள் மனைவி அல்லள், தாய். உன் மகன் யாண்டுளன் என்று கேட்டாளுக்குக் காவற்பெண்டு 86-ஆம் பாட்டில், அவனை அறியேன், போர்க்களத்தில் தோன்றுவான், புலி கிடந்து நீங்கிய கல்முழை போன்று அவனை ஈன்ற வயிறு இதோ என்கின்றாள். மறக்குடித் தாயின் பெருமிதம் என்றே இப்பாட்டை நாம் மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். பெருமிதம் உண்மையே. ஆனால் முழை வெறுமையானது என்பதும் உண்மை. நன்னாகையாரின் நிறைந்த மேகத்தையும் காவற்பெண்டின் வெறுமுழையையும் ஒருசேரக் கற்றவர்க்குப் போரின் இரு முனைகள் தெரியும்: ஒன்றில் கணவன் இல்லாமல் நிறைகின்ற வயிறு, மற்றொன்றில் மகன் போய்விட்ட வயிறு. இடையே கழிந்த ஆண்டுகளைப் பாடுதற்கு அகத்திலும் இடமில்லை, புறத்திலும் இடமில்லை.

நன்னாகையாரின் மற்றொரு பாட்டைக் கூறி அமைவேன். குறுந்தொகை 197-ஆம் பாட்டும் அவருடையதே. ஈண்டுப் பேசுபவள் தோழி அல்லள், தலைவி. அதே மழை; அதே பிரிவு. காரில் திரண்ட மழையோடு வாடையும் குளிரும் கலந்து கூதிராகிவிட்டது. அக்கூதிர், காதலரைப் பிரிந்த தன்னைக் குறித்து வருகின்ற கூற்றம் என்கின்றாள் அவள். தோழி கண்ட வானத்தில் ஈனும் பருவத்துப் பெண்டிர் எழுந்தனர். தலைவி கண்ட வானத்தில் கூற்றுவன் எழுகின்றான். முந்நான்கு திங்களும் நிறைந்து, கார் கழிந்து, தலைவன் வாராத பின்னர் அவள் கண்ட வானம் அது. கடுஞ்சூல் என்னும் சொல்லில் உள்ள கடுமையை ஒரு புலவரே இரு பாட்டில் இரு பெண்டிர் வாயிலாக முழுதும் கூறிவிட்டார். தொகுத்தார் இவ்விரண்டினையும் தொண்ணூறு பாட்டு இடைவிட்டுத் தனித்தனியே வைத்தனர்; கற்பார் அவற்றை அடுத்தடுத்து ஓதிப் பார்த்தல் நன்று.